லேக் மார்க்கெட்டில் இலை போடும் நாள்

1976இல் கல்கத்தாவில் மாத்யமிக் என்ற பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய நம் வகுப்புக்கு ஒரு திறந்த மடல்



ஜனவரியில் கல்கத்தாவில் கூடலாம் என்று பேச்சு எழுந்த நாளிலிருந்து நமக்குள் இரண்டு கட்சி. ஒரு கட்சி டி-ஷர்ட்டின் நிறம்வரை போய்விட்டது. இன்னொன்று முதல் கேள்வியிலேயே நிற்கிறது. போய் என்ன ஆகப்போகிறது? ஐம்பது வருஷம் பார்த்துக்கொள்ளாமல்தான் இருந்தோம், யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை, இப்போது முழங்கால் வலியோடு எதற்கு ரயில் ஏற வேண்டும்? இந்தக் கேள்விக்கு "வாங்கப்பா, ஜாலியா இருக்கும்" என்ற பதில்தான் இதுவரை கிடைத்திருக்கிறது. அது போதாது. போகலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் ஏற்பாட்டாளர்கள் போட்டிருக்கும் திட்டத்தோடு எனக்குச் சண்டை உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வரவேண்டாம் என்பவர்களுக்கு நானே ஒரு பெரிய சாட்சியைக் கூட்டி வருகிறேன். சத்யஜித் ராய். நம் பேட்டைக்காரர்தான், பாலிகஞ்ச் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்து 1936இல் வெளியே வந்தவர். பிள்ளைப் பருவத்தைப் பற்றி அவர் எழுதிய 'ஜகோன் சோட்டோ சிலாம்' 1982இல் புத்தகமாக வந்தது. அதன் கடைசியில், பள்ளியை விட்ட சில வருஷங்கள் கழித்து ஏதோ விழாவுக்காக மறுபடி அங்கே போனதைச் சொல்கிறார். எல்லாம் சின்னதாகத் தெரிகிறது. வாசற்படியில் தலை இடிக்கும்போல் இருக்கிறது. பள்ளியை விடும்போது அவர் குள்ளம். திரும்பிப் போகும்போது ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்ட மனிதர். அதற்குப் பிறகு அவர் போகவில்லை. பழைய இடத்துக்கு நேரில் போவதைவிட, இருந்த இடத்தில் இருந்தபடி நினைவுகளைத் துழாவி எடுப்பதில்தான் சுகம் என்பது அவர் முடிவு.

இதை மறுக்க எனக்குத் தெம்பு இல்லை. நம் பள்ளிக் கட்டடத்தை நானும் வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். பிரமாண்டமாக நினைவிலிருந்த மாடிப்படி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அளவுதான். அதனால் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது, மணி அடிப்பது, சீருடை நிறத்தில் சேலை கட்டி வருவது இவையெல்லாம் எனக்கு வேண்டாம். ராய் சொன்னதையே இதற்குத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ராய் திரும்பிப் போனது கட்டடத்துக்கு. கூடப் படித்தவனைத் திரும்பப் பார்ப்பது என்ன என்பதைப் பற்றி அவர் வேறொரு இடத்தில், கதையாக எழுதியிருக்கிறார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கல்கத்தா பழைய மாணவர்களின் ஊர். இந்து கல்லூரி தொடங்கிய 1817 ஜனவரி 20ஐ நினைவில் வைத்து, பிரெசிடென்சிக்காரர்கள் இன்றும் ஜனவரி 20 என்றால் காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். லா மார்ட்டினியர்காரர்களுக்கு, பள்ளிக்குப் பணம் எழுதிவைத்த கிளாட் மார்ட்டின் இறந்த செப்டம்பர் 13. சவுத் பாயிண்ட்காரர்களைக் கேட்கவே வேண்டாம். மாணவர் எண்ணிக்கையில் உலகிலேயே பெரிய பள்ளி என்று 1984இலிருந்து சில வருஷம் கின்னஸ் புத்தகத்தில் இருந்த பள்ளி அது. உலகத்தில் எந்த ஊர் விமான நிலையத்தில் நின்று குரல் கொடுத்தாலும் ஒரு பாயிண்டர் திரும்பிப் பார்ப்பார் என்று அவர்களே பெருமை அடித்துக்கொள்வார்கள். இவர்களுக்கெல்லாம் சங்கம் இருக்கிறது, மலர் போடுகிறார்கள், ரவீந்திரநாத்தின் 'புரானோ சேய் தினேர் கதா' பாட்டைப் பாடிக் கலைகிறார்கள். அந்தப் பாட்டின் மெட்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. ராபர்ட் பர்ன்ஸின் 'ஆல்டு லாங் சைன்' மெட்டு. பள்ளிக்கூடம் என்றாலே ஓடி ஒளிந்த, ஒரு பள்ளியிலும் தங்காத ரவீந்திரநாத்தின் பாட்டில்லாமல் வங்காளத்தில் எந்தப் பள்ளிக் கூடுகையும் முடிவதில்லை. எனக்கு இது எப்போதும் சிரிப்பு மூட்டும்.

நம் கதை வேறு. அவர்கள் கூடி முடித்தபின் அதே ஊரில் இருக்கும் தங்கள் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அல்லது அண்ணன் வீடாவது, பூட்டிக் கிடக்கும் அப்பா வீடாவது இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அந்த ஊரில் ஒரு செங்கல் சொந்தம்? நம் அப்பாக்கள் வந்தது வேலைக்கு. டல்ஹௌசி சதுக்கத்துக் கம்பெனிகளில் ஸ்டெனோ, கணக்குப்பிள்ளை, ஏ.ஜி. பெங்கால் என்ற அரசுக் கணக்கு அலுவலகம், கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வே. சுருக்கெழுத்தும் டைப்பும் கற்ற மதராஸி இல்லாமல் வெள்ளைக்காரக் கம்பெனி நடக்காது என்று ஒரு காலம் இருந்தது. லேக் மார்க்கெட்டைச் சுற்றி, ராஷ்பிகாரி அவென்யூவின் சந்துகளில், மாடியில் இரண்டு அறை, பொதுக் குழாய், வாடகை. கும்பகோணத்திலோ பாலக்காட்டிலோ தாத்தாவின் வீடு ஒன்று இருந்தது; அதுவும் பெரும்பாலும் அப்பாக்களின் காலத்திலேயே கைமாறிவிட்டது.

பிறகு அந்தக் காலமும் போயிற்று. 1967இல் கெராவ், அதற்குப் பின் கதவடைப்புகள், நக்சல் வருஷங்கள், ஒவ்வொன்றாகத் தலைமை அலுவலகத்தை பம்பாய்க்கோ டெல்லிக்கோ தூக்கிக்கொண்டு போன கம்பெனிகள். நாம் படித்துக்கொண்டிருந்த பத்து வருஷமும் நம் வகுப்பு கரைந்துகொண்டே இருந்தது. மீதி இருந்தவர்கள் 1976க்குப் பிறகு கலைந்தோம். அடுத்த வருஷம் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் வேறு வந்துவிட்டது, போவது சுலபமாயிற்று. கல்கத்தாவில் நம்மை மதராஸி என்றார்கள். மெட்ராஸ் வந்தபின் மாமியார் வீட்டில் என்னைக் கல்கத்தாக்காரி என்றார்கள். அது பாராட்டு இல்லை என்பது குரலிலேயே தெரியும்.

எனக்கு இந்தக் கூடுகை ஏன் வேண்டும் என்பதற்கான காரணம் இதில்தான் இருக்கிறது. அந்த ஊரில் நான் ஒரு குழந்தையாக இருந்தேன் என்பதற்கு இப்போது அத்தாட்சி எதுவும் மிச்சமில்லை. அப்பா, அம்மா இல்லை. நாங்கள் குடியிருந்த வீட்டை ஒரு புரோமோட்டர் இடித்து, தூண்களின் மேல் நிற்கும் ஃபிளாட்டாக்கிவிட்டார். லேக் மார்க்கெட்டின் தலையில் ஒரு மால் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் உட்கார அடித்துக்கொள்வோமே அந்த டிராம், மைதானத்திலிருந்து எஸ்பிளனேடுவரை காட்சிப் பொருளாக ஓடினால் போதும் என்று 2024 செப்டம்பரில் அரசு சொல்லிவிட்டது. ஊர் மாறுவதில் எனக்கு வருத்தமில்லை, அந்த ஊர்க்காரர்களுக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால் என் பன்னிரண்டு வயதைப் பார்த்தவர்கள் என்று உலகத்தில் மிச்சம் இருப்பது நீங்கள் மட்டும்தான்.

ஒரு உதாரணம். 1971 டிசம்பர், பங்களாதேஷ் யுத்தம். ஊர் முழுக்க இருட்டடிப்பு. எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் கருப்புக் காகிதம் ஒட்டினோம். சைரன் ஊதியதும் படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டு வங்காளிப் பாட்டி இருட்டில் ஒவ்வொருவர் தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இதை என் பிள்ளைகளுக்குச் சொன்னால், அம்மா ஏதோ சினிமாக் கதை சொல்கிறாள் என்ற முகத்தோடு கேட்கிறார்கள். மெட்ராஸில் பிறந்து வளர்ந்த என் கணவருக்கு அந்த யுத்தம் ரேடியோவில் கேட்ட செய்தி. நீங்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தீர்கள். உப்பு ஏரிப் பக்கம் அகதிகள் முகாமுக்கு என்று பள்ளியில் பழைய துணி சேர்த்தார்களே, மூட்டை கட்டியது யார் யார்? எனக்கு இரண்டு முகம்தான் நினைவிருக்கிறது.

இன்னொன்று, கொஞ்சம் லேசானது. 1975 செப்டம்பர் 30, ஷீல்டு கால்பந்து இறுதி ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை ஐந்துக்குப் பூஜ்யம் அடித்தது. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய வருஷம், வகுப்பு இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் மார்க்கெட்டில் இலிஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால். வெங்காயம்கூட நுழையாத வீட்டுப் பிள்ளைகள் இலிஷ் விலையைப் பற்றிக் கவலைப்பட்ட ஊர் அது! நம் பையன்களில் பாதிப் பேர் ஈஸ்ட் பெங்கால் கட்சியானதற்குக் காரணம் இருந்தது. 1949க்குப் பிறகான சில வருஷங்கள் அந்த அணியின் முன்வரிசையில் ஆடிய ஐந்து பேர் - அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே - எல்லாரும் தென்னாட்டுக்காரர்கள். வங்காளிகள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்றார்கள். நம் அப்பாக்கள் அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாம். இந்தப் பத்தியை விளக்கம் இல்லாமல் படிக்கக்கூடிய தமிழர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களில் சிலரோடு ஒரு நாள் உட்கார்ந்திருக்க ஆசைப்படுகிறேன். இவ்வளவுதான் என் பேராசை.

இனி ராயின் கதை. 'கிளாஸ் ஃபிரெண்ட்' என்று பெயர். மோஹித் சர்க்கார் வசதியான மனிதர். ஒருநாள் பள்ளித் தோழன் ஜயதேவ் தேடி வருகிறான். வறுமையும் வயதும் தின்ற உருவம். பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எல்லாம் சரியாகச் சொல்கிறான், ஆனாலும் மோஹித்துக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த முகத்தில் அந்தப் பையன் எங்கே? பண உதவி கேட்கிறான் என்றதும் சந்தேகம் கெட்டிப்படுகிறது, தட்டிக் கழிக்கிறார். பிறகு ஒருநாள் ஜயதேவின் மகன் வந்து நிற்கிறான். பழைய ஜயதேவ் அப்படியே, அந்த வயதில். அப்போதுதான் மோஹித்துக்குத் தோழனை அடையாளம் தெரிகிறது.

இதை நெஞ்சைத் தொடும் கதை என்று சொல்லி எல்லாரும் மடித்து வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் பயமுறுத்தும் கதை. தோற்றுப்போனவனை அடையாளம் கண்டுகொள்ள மோஹித்துக்கு ஒரு களங்கமில்லாத முகம் தேவைப்பட்டது. நாம் ஏற்பாடு செய்யும் கூடுகையில் எத்தனை மோஹித்துகள் இருக்கப்போகிறார்கள்? ஜயதேவ்களுக்கு அழைப்பாவது போகுமா?

போகாது என்றுதான் நினைக்கிறேன். இதுவரை சுற்றுக்கு வந்த பட்டியல் எப்படித் தயாரானது என்று கேட்டேன். 1976இல் பரீட்சை எழுதியவர்களின் பெயர்களிலிருந்து என்றார்கள். முறைப்படி பார்த்தால் சரிதான். நமக்கு மேலே இருந்தவர்கள் பதினொன்று வரை படித்துவிட்டு எழுதினார்கள். பத்தோடு மாத்யமிக் எழுதிய முதல் கூட்டம் நாம், அதனால் நமக்கு ஒரு தனிப் பெருமை. ஆனால் வகுப்பு என்பது அந்தப் பட்டியலா? அப்பாவின் கம்பெனி மூடியதால் ஏழாம் வகுப்பு நடுவில் டி.சி. வாங்கிக்கொண்டு போனவர்கள் எங்கே? 1970இலும் 71இலும், வீட்டு வாசலில் குண்டு வெடித்த பிறகு, "இந்த ஊரே வேண்டாம்" என்று ஒரே வாரத்தில் சாமான் கட்டிய குடும்பங்கள்? நக்சல்கள் வித்யாசாகர் சிலையின் தலையைத் துண்டித்த காலம் அது. பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்து அடித்து உடைத்த காலம். பயந்து போனவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் நம்மோடு ஐந்தாறு வருஷம் உட்கார்ந்தவர்கள், பரீட்சை மட்டும் எழுதவில்லை.

இன்னொரு வகை உண்டு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சம்பளம் கட்டாதவர்களை மாதா மாதம் வகுப்பில் எழுந்து நிற்க வைத்துப் பெயர்களை வாசித்தார்கள், நினைவிருக்கிறதா? அந்த வாசிப்பில் திரும்பத் திரும்ப வந்த பெயர்கள் உண்டு. அவர்களுக்கு நம் பள்ளி என்றால் அந்த நிற்றல்தான். அவர்களில் ஒருத்தியைச் சில வருஷம் முன்பு தி. நகரில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். நன்றாக இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். என்னோடு அரை மணி நேரம் பேசினாள், பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் வரமாட்டாள், வரவேண்டிய அவசியமும் இல்லை. பள்ளியில் காயப்பட்டவர்களைப் பார்த்து "எல்லாம் பழைய கதை, விடு, வா" என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. தயவுசெய்து யாரையும் மூன்று முறை கூப்பிடாதீர்கள். ஒரு முறை, மரியாதையாக, அழைப்பு மட்டும் போய்ச் சேரட்டும்.

பெண்களின் விஷயம் தனி. பட்டியலில் பையன்கள் பெரும்பாலும் கிடைத்துவிட்டார்கள், அதே பெயர், அதே இனிஷியல். பெண்களில் பலரைக் காணோம். இருபது, இருபத்தொரு வயதில் கல்யாணம், இனிஷியல் மாறிற்று, ஊர் மாறிற்று, சிலருக்கு வீட்டில் கூப்பிடும் பெயரே பெயராக நின்றுவிட்டது. தேடினால் கிடைக்கமாட்டார்கள், விசாரித்தால் கிடைப்பார்கள். நாத்தனார் மூலம், ஓரகத்தி மூலம், கோயில் பஜனைக் குழு மூலம். இந்த வேலையைப் பையன்களிடம் விடாதீர்கள். நாங்கள் நாலு பேர் எடுத்துக்கொள்கிறோம்.

இனி திட்டத்தோடு எனக்குள்ள சண்டை. ஒரு நட்சத்திர ஓட்டல் ஹால், இரண்டு நாள், தலைக்கு ஒரு பெரிய தொகை, தொகுப்பாளர், விளையாட்டுகள், ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையைப் பற்றி ஐந்து நிமிஷம் திரையில் படம் போட்டுப் பேசுவது. இதைப் படித்தபோது எனக்கே "போய் என்ன ஆகப்போகிறது" கட்சியில் சேர்ந்துவிடலாமா என்று தோன்றிற்று. ஐந்து நிமிஷத் திரைப்படம் எதைக் காட்டும்? அமெரிக்காவில் மகன் வாங்கிய வீட்டை. மகன் வேலையில்லாமல் வீட்டோடு இருப்பவர் எதைக் காட்டுவார்? கணவரைக் கொரோனாவில் இழந்தவள்? அவர்கள் மரியாதையாக, உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டு வராமலிருப்பார்கள். கூடுகை மோசம் என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்லும் குற்றச்சாட்டு இந்த ஒப்பீடுதான், அது உண்மையும்கூட. ஆனால் ஒப்பீடு தானாக வருவதில்லை. அதற்கு நாம்தான் மேடை போட்டு மைக் வைக்கிறோம்.

மேடை இல்லாமல் மனிதர்கள் எப்படிக் கூடுவது என்பதைக் கல்கத்தாவைவிட நன்றாக அறிந்த ஊர் எது? ராஷ்பிகாரி அவென்யூ 202ஆம் எண் வீட்டில்தான் புத்ததேவ போஸ் இருந்தார். கவிதா பவன் என்று பெயர். வங்காளத்து எழுத்தாளர்கள் அந்த வீட்டில் கூடிப் பேசிய பேச்சு இலக்கிய வரலாற்றில் இருக்கிறது. வங்காளிகள் அட்டா என்று சொல்லும் அந்த அரட்டையைப் பற்றியே அவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கூட்டமும் விருந்தும் வேறு, அட்டா வேறு என்று வாழ்ந்து காட்டிய மனிதர். நாம் அந்த வீட்டைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போனோம். அந்தத் தெருவில் வளர்ந்துவிட்டு, கூடுவதற்குத் தொகுப்பாளர் வைப்பது கொஞ்சம் அவமானம் இல்லையா?

மன்னா தே பாடிய காஃபி ஹவுஸ் பாட்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். கௌரிபிரசன்ன மஜும்தார் எழுதியது, 1983இல் வந்தது, நாம் பாதிப் பேர் அதற்குள் ஊரை விட்டுவிட்டோம். கூடிப் பேசிய நண்பர்களில் ஒருவன் பாரிஸில், ஒருவன் டாக்காவில், ஒருவன் கல்லறையில், ஒருவனுக்குப் புற்றுநோய், ஒருத்தி பணக்காரன் மனைவி என்று போகும் அந்தப் பாட்டு. அதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. யார் எங்கே இருக்கிறார்கள் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த மனிதர், ஏக்கப்படுவதற்குப் பதில் ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே!

அப்படிக் கடுதாசி போட்டால் என்ன கிடைக்கும் என்று பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் லெவின், வால்டர், மர்னிகன் என்ற மூன்று பேராசிரியர்கள் 2011இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வருஷக்கணக்கில் தொடர்பு விட்டுப்போன பழைய ஆட்களிடம் ஒரு வேலை விஷயமாக யோசனை கேளுங்கள் என்று நிர்வாகிகளை அனுப்பினார்கள். தினம் பழகுபவர்களிடம் கிடைக்காத புதிய யோசனைகள் அவர்களிடமிருந்து கிடைத்தன. பழைய நம்பிக்கையும் தேயாமல் இருந்தது. என் மகன் இதைக் காட்டி, "போயிட்டு வாம்மா, நெட்வொர்க்கிங்" என்றான். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு என்ன நெட்வொர்க்கிங், யாருக்கு எந்த மருத்துவர் நல்லவர் என்பதைத் தவிர? ஆனால் நம்பிக்கை தேயவில்லை என்ற பகுதியை நான் நம்புகிறேன். இந்த வயதில் புதிதாக ஒருவரோடு பழகத் தொடங்கும்போது நம்மைப் பற்றி எவ்வளவு முன்கதை சொல்ல வேண்டியிருக்கிறது! உங்களிடம் அந்த வேலை மிச்சம்.

எதை எதிர்பார்த்து வரக்கூடாது என்பதையும் சொல்லிவிடலாம். பழைய காதல், பழைய பகை இரண்டையும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அரசியல் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள், யார் அந்த இரண்டு பேர் என்பதுகூட எனக்குத் தெரியும். எல்லாரும் எல்லாரோடும் நண்பர்களாகிவிடப் போவதில்லை. பள்ளியிலும் அப்படி இருக்கவில்லை. இரண்டு நாள் நிச்சயம் அதிகம். ஒரு பகல் போதும்.

அந்தப் பகலுக்கு என் யோசனை: 2026 ஜனவரி 23, வெள்ளிக்கிழமை. வசந்த பஞ்சமி, அங்கே சரஸ்வதி பூஜை. நேதாஜி பிறந்த நாளும் அதே தேதி, அதனால் ஊருக்கே விடுமுறை. வங்காளத்தில் பள்ளிக்கூடத்தின் பண்டிகை என்றால் அதுதான். மஞ்சள் சேலை, தேவி காலடியில் புத்தகங்கள், பூஜைக்கு முன் இலந்தைப் பழத்தைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு. நவராத்திரியில் ஒன்று, இது ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு சரஸ்வதி பூஜை கொண்டாடி, இரண்டு நாளும் புத்தகத்தைத் தொடாமல் தப்பித்த ஒரே கூட்டம் நாம்தான். அன்றைக்குப் பழைய மாணவர் யார் வேண்டுமானாலும் பள்ளிக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம், யாரும் அழைப்பிதழ் கேட்கமாட்டார்கள். ராய் கட்சிக்காரர்கள் வாசலோடு நின்றுகொள்ளட்டும்.

மதியம் லேக் மார்க்கெட் பக்கம் இலைச் சாப்பாடு. கோமள விலாஸோ, பிரேமா விலாஸோ, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. அவரவர் இலைக்கு அவரவர் காசு. முடியாதவர் இலைக்கு யார் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியக்கூடாது. பிறகு ஏரிக்கரை பெஞ்சுகள். நடக்க முடிந்தவர்கள் நடக்கலாம், முடியாதவர்கள் உட்கார்ந்து நடப்பவர்களைப் பற்றிப் பேசலாம். சாயங்காலம் புச்கா என்கிற பானிபூரி, சர்க்கரைக்காரர்களுக்கு நொலன் குட் என்ற புது வெல்லத்தில் செய்த சந்தேஷில் பாதி. அந்த ஊரிலேயே தங்கிவிட்ட நம் ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். எல்லா ஏற்பாட்டையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு நாம் விருந்தாளியாகப் போய் இறங்குவது என்ற வழக்கமான அநியாயம் வேண்டாம். ஓட்டலில் பேசுவது, வராதவர்களுக்குப் போன் போட்டுத் தருவது, இறந்துபோனவர்களின் பெயர்களைச் சேர்ப்பது எல்லாவற்றையும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் செய்யலாம்.

ஹௌராவில் இறங்கி டாக்சி வரிசையில் நிற்க வேண்டாம். 2024 மார்ச்சிலிருந்து மெட்ரோ ஆற்றுக்கு அடியில் ஓடுகிறது. எஸ்பிளனேடில் மாறினால் காளிகாட், அங்கிருந்து கூப்பிடு தூரம். பாலத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் மறுநாள் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு இப்போதெல்லாம் அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, ஆக நவம்பர் 20ஐ ஒட்டி விழித்திருங்கள். கீழ் பெர்த் கிடைக்காவிட்டால் என்னைத் திட்டாதீர்கள்.

அதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்யுங்கள். நம்மோடு எந்த வகுப்பிலாவது, ஒரு வருஷமாவது உட்கார்ந்துவிட்டு, பரீட்சைக்கு முன்பே போய்விட்டவர்களின் பெயர்களை நினைவுக்கு வந்தபடி எழுதி அனுப்புங்கள். முழுப் பெயர் தெரியாவிட்டால் இனிஷியல், அதுவும் தெரியாவிட்டால் அப்பா எந்தக் கம்பெனி, எந்தச் சந்தில் வீடு. நான் ஆரம்பிக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள்; அப்பா கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸ், பிறகு மாற்றலாகி காரக்பூர் போனார்கள்; இடது கையால் எழுதுவாள், அதற்காக அடி வாங்குவாள். பெயர் ஜெயலட்சுமியா விஜயலட்சுமியா என்பதில் எனக்குச் சந்தேகம். யாருக்காவது தெரியுமா?

அன்புடன்,
மூன்றாம் பெஞ்சு, ஜன்னல் பக்கம்